பத்துக்கு மூன்று வாங்கிய வாத்தியார்

அன்றைய சேலம் ஜில்லாவில் பசுவைப் பற்றி உண்மையான கட்டுரை எழுதிய பிள்ளைகள் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். பந்தயம் கட்டச் சொன்னாலும் கட்டுவேன். மற்ற ஊர்களிலெல்லாம் பசு என்பது சாதுவான பிராணி, அதற்கு நான்கு கால்கள், ஒரு வால் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிப் பசுக்கள் மட்டும் முட்டின, உதைத்தன, அடுத்தவர் காட்டுச் சோளத்தில் புகுந்து இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்தன. எல்லாம் பாத்தியா வாத்தியாரின் கைங்கரியம்.

எழுபதுகளின் பின்பாதி. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே அறிவியல் ஆசிரியர், அவர் தமிழாசிரியர். கட்டுரை நோட்டைத் திருத்தும்போது ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ‘பார்த்தாயா?’ என்று எழுதிவிடுவார். ‘பொங்கலன்று ஊரே மகிழ்ச்சிக் கடலில் மிதந்தது’ என்று ஒருவன் எழுதினால், கடலுக்குப் பக்கத்தில் ஒரு ‘பார்த்தாயா?’, மிதந்ததற்குப் பக்கத்தில் ஒரு ‘பார்த்தாயா?’. நோட்ஸைப் பார்த்துக் காப்பியடித்த பையனின் பக்கம் அம்மை போட்டது போல் சிவந்து கிடக்கும். பிள்ளைகள் வைத்த பெயர்தான் பாத்தியா வாத்தியார்.

அரையாண்டுத் தேர்வில் ‘நான் ஒரு பறவையானால்’ என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒரு பையன் இரண்டே வரி எழுதினான். ‘நான் கவுதாரியானால் எங்கள் கந்தசாமி மாமன் கண்ணி வைத்துப் பிடித்து விடுவார். அத்தோடு கட்டுரை முடிந்தது.’ இவர் முழு மதிப்பெண் போட்டுவிட்டார். தலைமையாசிரியர் விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க, ரெண்டு வரிக்கு முழு மார்க்குங்களா?”

“மூணாவது வரிக்குக் கவுதாரி உசுரோட இல்லீங்களே சார்.”

தலைமையாசிரியர் அப்படியே திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் அவருக்குத் தலைவலி என்று பியூன் சொன்னான்.

இன்னொரு முறை ‘எங்கள் வீட்டு விருந்தாளி’ என்று எழுதச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்திருந்தபோது ‘கோழியை இப்ப அடிக்காத, அவுங்க பஸ் ஏறுன பொறவு குழம்பு வெச்சுக்கலாம்’ என்று அம்மாவிடம் அப்பா சொன்னதை அப்படியே எழுதி வைத்தான். விஷயம் எப்படியோ கசிந்து, அப்பாக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். நான் ஆய்வகக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க வாத்தியாரே, ஊட்டுச் சமாச்சாரத்தையெல்லாம் நோட்டுல எழுதச் சொல்றீங்களாமா?”

“பையன் பொய் எழுதியிருக்கானுங்களா?”

“பொய்யில்லீங்க. அதானுங்க பிரச்சினையே.”

“பத்துக்கு ஒம்பது போட்டிருக்கேனுங்க.”

அப்பாக்காரரின் சுருதி இறங்கியது. நோட்டை வாங்கி மதிப்பெண்ணைப் பார்த்தார். “அந்த ஒண்ணை எதுக்குங்க கொறைச்சீங்க?”

“கோழி என்ன நெறம்னு எழுதலீங்க.”

“செவலைங்க.”

வாத்தியார் ஒன்பதை அடித்துப் பத்தாக்கினார். வந்தவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு நோட்டு உண்டு. மதிய இடைவேளையிலும் தேர்வு மேற்பார்வையிலும் அதில்தான் கதை எழுதுவார். ஒரு வாரப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை தன் கதை வரவேண்டும், கதைக்குக் கீழே தன் பெயர் அச்சில் இருக்க வேண்டும், இதுதான் அவருடைய ஒரே ஆசை. பதினோரு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையையும் தவறாமல் வைப்பதால், பத்திரிகைக்காரர்களும் தவறாமல் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கனமான உறை வந்தால் மொத்தப் பள்ளிக்கும் தெரிந்துவிடும். என்ன எழுதுகிறார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த ரகசியம் ஒரு வெள்ளிக்கிழமை உடைந்தது. அவர் வகுப்பில் ஒரு வழக்கம். பிள்ளைகள் நோட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, பென்சிலால் ‘பார்த்தாயா?’ போட்டு மதிப்பெண்ணும் தரவேண்டும். அதற்குப் பிறகுதான் இவர் சிவப்பு மையைத் திறப்பார். கூட்டுறவுப் பண்டகசாலையில் பிள்ளைகள் வாங்கும் அதே நோட்டைத்தான் இவரும் வாங்குவார். அதே காக்கி அட்டைதான் போடுவார். பெயர் எழுத மாட்டார், யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களாம். அன்று சைக்கிள் கேரியரில் கட்டிவந்த நோட்டுக் கட்டோடு அதுவும் சேர்ந்து வகுப்புக்குள் போய்விட்டது. பெயர் எழுத மறக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அப்படி ஒருவனுடையது என்று நினைத்து, எட்டாம் வகுப்பு மல்லிகா அதை எடுத்துத் திருத்த உட்கார்ந்தாள்.

அன்று மாலை அந்த நோட்டை அவர் என் மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். புரட்டினேன். கதை காஷ்மீரில் நடக்கிறது! லண்டனில் படித்த டாக்டர், படகு வீட்டில் பியானோ வாசிக்கும் காதலி. நாமக்கல்லைத் தாண்டினால் சேலம், சேலத்தைத் தாண்டினால் ஒன்றும் இல்லை என்று வாழ்ந்த மனிதர் எழுதிய கதை. ஓரமெல்லாம் மல்லிகாவின் பென்சில். ‘பியானோ பார்த்தாயா?’ ‘பனி பெய்தால் சத்தம் வருமா? கேட்டாயா?’ காதலியின் கண்ணீர் முத்து முத்தாக உதிர்ந்த இடத்தில், ‘எங்க அக்கா அழுதபோது மூக்குதான் ஒழுகியது.’ கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு: ‘இந்தப் பையன் நோட்ஸைப் பார்த்து எழுதியிருக்கிறான். 3/10.’

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அந்த மூக்கைத் தாண்டி யாராலும் சிரிக்காமல் போக முடியாது.

மூன்று நாள் வகுப்பில் வெறும் இலக்கணம். ஆகுபெயரில் ஆரம்பித்து அணியில் முடித்தார். பிள்ளைகள் நடுங்கிப் போனார்கள். நான்காம் நாள் நோட்டோடு வகுப்புக்குப் போய் மல்லிகாவை எழுப்பினார்.

“இதை எழுதுன பையன் நான்தான் சாமி.”

மல்லிகா அழத் தொடங்கினாள். அவள் எழுதியபடியே, முதலில் மூக்குதான். “சார்... மார்க்கை ஏத்திப் போட்டுத் தரட்டுங்களா சார்?”

“வேண்டாஞ்சாமி. மூணே சாஸ்தி.”

அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமையானால் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கு எதிரே போய் நிற்பார். வெள்ளை வேட்டி, கையில் நோட்டு, லாரியைப் பார்ப்பார், எழுதுவார், ஆளைப் பார்ப்பார், எழுதுவார். முதலாளி ஒருவர் நாற்காலியும் ஒரு பாட்டில் கலரும் கொண்டுவந்தார்.

“எந்த ஆபீஸுங்க?”

“ஆபீஸெல்லாம் இல்லீங்க. கதை எழுதறேனுங்க.”

“அது தெரியுதுங்க. யாரைப் பத்திங்க?”

அரை மணி நேரத்தில் அந்தத் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. விற்பனை வரி ஆபீசர் வேஷம் மாறி வந்திருக்கிறார் என்று எருமப்பட்டி வரை செய்தி போய்விட்டதாம். யாரும் கதவைச் சாத்த முடியாத இடமாகப் பார்க்கவேண்டும் என்று யோசித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு ஊர் கெங்கவல்லிப் பக்கம். அக்காள் மகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் அப்பா. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு என்னென்ன வரும் என்று பாடப்புத்தகத்தைத் திறந்து படம் காட்டி விளக்கினேன். அப்பா புத்தகத்தையும் என்னையும் சேர்த்து வாசலுக்கு வெளியே அனுப்பினார். இரண்டு வருடமாகப் பேச்சில்லை, போக்குவரத்தில்லை. பள்ளியில் யாருக்கும் இது தெரியாது. ஞாயிறுதோறும் சேலத்துக்கு மேட்னி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். திங்கட்கிழமை சினிமா போஸ்டரை வைத்து முழுக்கதையும் சொல்வேன். அடிதடி உட்பட.

இரண்டு வாரம் கழித்து வாத்தியார் ஆய்வகத்துக்கு வந்து நோட்டை நீட்டினார். “படிச்சுப் பாருங்க சார். நேரா உங்ககிட்டத்தான் கொண்டாந்தேன்.”

காஷ்மீர் இல்லை, பியானோ இல்லை. சேலம் பஸ் ஸ்டாண்டு. ஒருவன் ஞாயிறுதோறும் வருகிறான். கிழக்கே போகும் ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறான். இறங்கி டீ குடிக்கிறான். எப்போது கிளம்பும் என்று கண்டக்டரைக் கேட்கிறான், பதில் அவனுக்கே தெரியும். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பியதும் உள்ளே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். பஸ் போகும் வரை துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். கதையின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அவன் இறங்கவில்லை.

அந்தத் துண்டு என்னுடையது.

“பேரை மாத்திட்டேனுங்க. ஊரையும் மாத்திட்டேன்,” என்றார்.

“துண்டு?”

“துண்டை மாத்துனா கதையே இல்லீங்களே சார். அனுப்பலாமுங்களா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்.”

அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை. அனுப்பினால் அச்சாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியும் “கூடாது சார்” என்று சொன்னேன். வெட்கம், கோபம், இரண்டும்தான். பதினோரு வருடம் காத்திருந்தவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. “சரிங்க” என்று நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார். என் வாழ்க்கையில் நான் செய்த சின்னத்தனங்களில் அதற்கு முதலிடம் உண்டு.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் துண்டைப் போட்டேன், டீ குடித்தேன். வண்டி உறுமியது. துண்டை எடுக்கக் கை போனது. அந்த நோட்டில் இருப்பவன் உட்கார்ந்திருக்கிறானே, நான் மட்டும் இறங்கி என்ன செய்யப்போகிறேன் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். ஆத்தூர் வரை கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சுதா?”

திங்கட்கிழமை வாத்தியாரிடம் ஓடினேன். “சார், கதைய அனுப்புங்க. நான் போயிட்டு வந்துட்டேன்.” அப்பாவோடு இரண்டு வருடம் பேச்சில்லாததையும் சேர்த்துக் கொட்டினேன். என் கையைப் பிடித்துக் கொள்வார், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்தார்.

“உங்கப்பா என்ன சொன்னாருங்க? ஒரு எழுத்து மாறாம சொல்லுங்க.”

சொன்னேன். எழுதிக்கொண்டார். வெளியே எட்டிப் பார்த்து யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் என் தோளைத் தட்டினார். அதையே கதைக்கு முடிவாக வைத்து அனுப்பினார். ஒன்றரை மாதம் நானும் அவரும் தபால்காரரை வாசலிலேயே மறித்தோம். கடைசியில் கனமான உறைதான் வந்தது. முதல் தடவையாக உள்ளே ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் இரண்டு வருடம் பேசாத தகப்பன் முதல் பேச்சாக பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்பது நம்பும்படியாக இல்லையாம்.

நான் கொதித்துப் போனேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “உங்கப்பாவை ஒருக்கா மெட்ராசுக்குக் கூட்டிப் போயிக் காட்டிட்டு வந்துரலாமுங்களா சார்?” என்றார். அன்று முழுவதும் சிரித்தார். ராத்திரி தனியாக என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிச்சலில்லை.

பிறகும் எழுதினார், பிறகும் திரும்பி வந்தது. எண்பதுகளில் ஓய்வு பெற்றார். அவரோடு பழகிய தோஷத்தில் நானும் எழுத ஆரம்பித்து, என்னுடையதை மட்டும் அச்சில் போட்டுவிட்டார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கூச்சம் உண்டு.

வாத்தியாருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ராசிபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை போய்விட்டது, காதும் மந்தம். வாராவாரம் மகள்தான் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படித்துக் காட்டுகிறாள். இந்தப் பக்கத்துக்கும் வருவாள். அம்மா, அவர் பக்கத்தில் நன்றாக நெருங்கி உட்கார்ந்துகொள். அடுத்த வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படி.

ப. செங்கோட்டுவேலு, தமிழாசிரியர்.