பூமியின் இடுப்பளவு

இனி ஆயுளுக்கும் விமானம் ஏறுவதில்லை என்று போன செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். இதுவரை ஏறியதும் இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

காரணம் பயம். அதை மனைவியிடம் சொல்ல முடியுமா? நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்தவன் நான். உலகத்தையே தாளில் மடித்து வைத்தவன் தரையை விட்டு எழும்ப நடுங்குகிறான் என்று தெரிந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

மகள் இருப்பது ஆசியாவின் இன்னொரு மூலையில். பேத்திக்கு ஆறு மாதம் ஆகிறது. போனில்தான் பார்த்திருக்கிறோம். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள்.

உலக வரைபடத்தை எடுத்து அவளுடைய தையல் மேசையில் விரித்தேன். தட்டைப் படத்தில் வடக்கே போகப் போகத் தூரம் வீங்கிக் காட்டும். எங்கள் தொழில் ரகசியம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறுன்னு பறந்தாலும் எட்டு மணி நேரம். உன் முட்டி தாங்காதும்மா. ஏழு மணி நேரத்துக்குள்ள போற ஊரா இருந்தா நானே உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

"நெஜமாவா?"

"சத்தியமா." நடக்காத காரியத்துக்குச் சத்தியம் செய்வதில் எனக்கு என்றுமே தயக்கம் கிடையாது.

அவள் வாதாடவில்லை. அலமாரி மேலிருந்து மகள் பள்ளியில் படித்தபோது வாங்கிய பூமி உருண்டையை இறக்கித் தூசி துடைத்தாள்.

"இதோட இடுப்பளவு எவ்வளவுங்க?"

தொழில் கர்வம் வாயைக் கிளறிவிட்டது. "நாப்பதாயிரம் கிலோமீட்டர்."

தையல் நூலை உருண்டையின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி நறுக்கினாள். பாதியாக மடித்தாள். இன்னும் இரண்டு முறை மடித்தாள். எட்டில் ஒன்று, ஐயாயிரம். அதை எங்கள் ஊரிலிருந்து மகள் ஊருக்கு இழுத்துப் பிடித்தாள். நூல் துளி எட்டவில்லை.

"ஐயாயிரத்து எரநூறு. ஆறரை மணி நேரம்."

நான் வரைபடத்தைக் காட்டி ஏதோ முனகினேன்.

"தோள் வளைவைப் பாக்காம தட்டையா வெட்டுன துணி உடம்புல உக்காராதுங்க. இதுவும் உருண்டைதானே?"

பயத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மூன்று வருஷம் சூத்திரம் சூத்திரமாகப் படித்தும் மண்டையில் ஏறாததை ஒரு முழ நூலில் முடித்துவிட்டாள். அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தால் நான் அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவள் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். இரண்டு பேருக்கு டிக்கெட். எடுத்தது போன மாதம். பயண நேரம் ஆறரை மணி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஆமாடி, அப்பாவும்தான். பயமா? அவருக்கா? என் கையப் புடிச்சு அவரே கூட்டிட்டு வராராம்."