பால் மரத்துக்கு மெராந்தி என்று பெயர் சூட்டிய நாள்

எனக்கு மரம் தெரியாது. இதை இன்று கூச்சமில்லாமல் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் இதையே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு காடு இரண்டு வருடம் முந்தி வளர்ந்திருக்கும்.

அங்கே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை மறுபடி காடாக்கும் திட்டத்தில் கள மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். நேர்காணலில் திட்டத் தலைவி புவான் (மலாயில் 'அம்மணி') ரொஹானா, "மரங்களோடு பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "இரண்டு தலைமுறையாக மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பம், புவான்" என்றேன். பொய்யில்லை. தாத்தா ரப்பர் பால் வெட்டினார், பாட்டி பால் வெட்டினார், அம்மா அதே தோட்டத்தில் புல்வெட்டும் கும்பலுக்குத் தலைவி. நான் மட்டும் ஈப்போ நகரத்தில் சிலிபின் அடுக்குமாடியில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த மரங்கள் இரண்டு வகை: கார் நிறுத்த நிழல் தருபவை, தராதவை.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்றார்கள். ஐந்து மாதத்தை, தலையை ஆட்டியே ஓட்டிவிட்டேன். கன்றுகளின் பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டு, பெயர் அட்டை கட்டியிருந்தார்கள். மெராந்தி, கெருயிங் என்று காட்டு மரப் பெயர்கள் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்தால் நான் அறிஞன். (குச்சி இல்லாத செடியை யாராவது காட்டினால் உடனே எனக்குப் போன் வந்துவிடும்.)

கடைசி மாதம் திட்டத்துக்கு ஆதரவு தரும் பெரிய மனிதர்கள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. என் வேலை நிரந்தரமாவதும் அவர்கள் முகம் மலர்வதைப் பொறுத்தது. நானோ களை எடுக்க வேண்டிய வாரங்களில் எல்லாம் கூரைக்குக் கீழே போன் பார்த்துக்கொண்டிருந்தேன். லாலாங் புல் இடுப்புயரம். வேலையாட்கள் பெருநாள் விடுமுறையில். வேறு வழியில்லாமல் அம்மாவையும் அவருடைய பழைய கும்பலில் மூன்று பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"நட்ட கன்ன மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் வெட்டிருங்கம்மா" என்றேன்.

"எனக்கே சொல்லித் தாறியாடா?" என்று அம்மா பாராங் கத்தியை எடுத்தார்.

எனக்கு ரொட்டி சானாய் ஞாபகம் வந்தது. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். திரும்பி வந்தபோது தரை வழுவழுவென்று இருந்தது. செடிகள் பளிச்சென்று தனித்தனியாக நின்றன.

"குச்சியெல்லாம் கண்டபடி குத்தி வச்சிருந்தானுங்க. அதையும் சரி பண்ணிட்டோம்லா" என்றார் பாக்கியம் அத்தை, அம்மாவின் வலது கை.

"ரொம்ப நன்றி அத்த" என்றேன். என்ன சரி பண்ணினார்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை. படம் எடுத்து புவானுக்கு 'வேலை முடிந்தது' என்று அனுப்பினேன்.

மறுநாள் காலை பெரிய மனிதர்கள் புவானோடு வேனில் வந்து இறங்கினார்கள். முதல் குச்சியைத் தொட்டுக்கொண்டு என் உரையைத் தொடங்கினேன். "இது மெராந்தி. நம் மண்ணின் மைந்தன். முந்நூறு அடிக்கு வளரப் போகிறவன்."

வேன் ஓட்டி வந்த மாணிக்கம் அண்ணன் பின்னாலிருந்து மெதுவாக, "தம்பி, இது ரப்பர் லா" என்றார்.

"அண்ணே, நீங்க வண்டிய பாத்துக்குங்க."

அவர் முன்னால் வந்து, மூன்றாகப் பிரிந்திருந்த ஓர் இலையின் காம்பைக் கிள்ளினார். வெள்ளையாகப் பால் சொட்டி என் புது பூட்ஸில் விழுந்தது. அடுத்த 'கெருயிங்'கிலும் கிள்ளினார். அதிலும் பால்.

புவான் ரொஹானா குனிந்து தரையைத் தடவினார். விரலளவு அடிக்கட்டைகள் வரிசையாக இருந்தன. அவர் காடு காடாக அலைந்து விதை பொறுக்கி, இரண்டு வருடம் வளர்த்த கன்றுகள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "யார் வெட்டியது?" என்று கேட்டார்.

"எங்கம்மா" என்றேன். (ஆம், அந்த மகாவீரன் நான்தான்.)

மறுநாள் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு திட்டு வாங்கத் தயாராக வந்தார். ரப்பரை ஏன் விட்டீர்கள் என்று புவான் கேட்க, அம்மா மலாய் மொழியில் நிதானமாகப் பதில் சொன்னார். "தோட்டத்தில் ரப்பரைத் தவிர எல்லாம் களை. முப்பது வருடம் துரைமார் எங்களுக்கு அதைத்தான் சொன்னார்கள். களைக்குப் பக்கத்தில் குச்சி நின்றது. இவன் ஆள்கள் தப்பாகக் குத்தியிருப்பார்கள் என்று நினைத்து, குச்சியைப் பிடுங்கி ரப்பருக்குப் பக்கத்தில் நட்டோம்." பிறகு என்னைப் பார்த்து, "இவன் இங்க இருந்திருந்தா கேட்டிருப்பேன்" என்றார்.

புவான் தயங்கினார். இங்கே ரப்பர்தான் களை, விதை வெடித்துத் தானாக முளைக்கும், பிடுங்கினால்தான் காடு வரும் என்றார். என் குடும்பத்துக்குச் சோறு போட்ட மரம். அம்மா அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தேன்.

அம்மா குனிந்து முதல் ரப்பர் கன்றை வேரோடு பிடுங்கினார்.

"தோட்டத்த வித்து எங்கள வெளிய போகச் சொன்னப்போ இந்த மரத்த ஒண்ணும் சொல்லல. நாங்க போயிட்டோம். இது மட்டும் எதுக்கு இங்க குந்திகிட்டு இருக்கணும்?" என்று அடுத்ததற்குப் போனார். லாலாங்குக்குள் ஒளிந்திருந்த ரப்பரைக்கூட நடந்துகொண்டே கண்டுபிடித்தார். புவான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளில் சில துளிர்த்தன. மற்றவற்றுக்குப் புதிதாக விதை பொறுக்க வேண்டியிருந்தது. என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. களையெடுக்கும் கும்பலுக்குத் தலைவியாக அம்மாவை உடனே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

போன வருடம் என் கல்யாணம். மண்டப வாசலில் குலையோடு கட்டியிருந்த மரத்தைக் காட்டி, பெண்ணின் அண்ணன் சிரிக்காமல் கேட்டான், "மச்சான், இது என்ன மரம்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணமேடையிலிருந்து அம்மாவின் குரல் மைக்கே இல்லாமல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அவன ஏன்யா கேக்குறீங்க? கிள்ளிப் பாருங்க!"