முன்னும் பின்னும் சஸ்பென்ஷன்

சூப்பிரண்டு ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்ததும் அவருடைய முழங்கால்கள் மோவாயை விசாரிக்க வந்துவிட்டன. சைக்கிள் மெக்கானிக் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் தன் நெற்றியையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் சின்னதோ?" என்றார் சூப்பிரண்டு, இறங்காமலே.

"உங்க பேரனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு சார்."

"எனக்குப் பேரன் இல்லையே தம்பி."

"அதான் சார் கஷ்டம்."

அரசாங்கக் கிடங்கில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற கையோடு கைப்பேசியில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார். நாலு அங்குலத் தடிமனில் டயர் வேண்டும், முன்னாலும் சஸ்பென்ஷன், பின்னாலும் சஸ்பென்ஷன். ஆற்று மணலிலும் கூழாங்கல்லிலும் மெத்தையில் போவதுபோலப் போக வேண்டுமாம். ரெடிமேடாகவே கிடைக்குமே என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தான்.

"ரெடிமேட் சட்டையே நான் போட்டதில்ல தம்பி. எல்லாம் என் வீட்டம்மா தச்சது. சைக்கிளும் என் உடம்புக்குன்னே செஞ்சதா இருக்கணும். நிதானமா திட்டம் போடுவோம்."

அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் வந்துவிடுவார். கடை மூடுகிற நேரம் தாண்டியும் எழுந்திருக்க மாட்டார். தடி டயருக்கு அகலமான ஃபோர்க் வேண்டும், அந்த ஃபோர்க்குக்கு அகலமான ஹப் வேண்டும், அதற்கேற்ற பெடல் அச்சு எங்கேயும் கிடைக்கவில்லை. ஒன்றை முடித்தால் இன்னொன்று வாயைத் திறந்தது. அத்தனையிலும் சூப்பிரண்டுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. கிடங்கில் அவருக்குக் கீழே ஒரு படையே இருந்தது. இப்போது மெக்கானிக் ஒருவன்தான் மிச்சம்.

"வீட்ல சும்மா இருக்கறதில்ல நான்" என்பார். "அவ தையல் ரூமைக்கூட ஒழுங்குபண்ணிக் கொடுத்தேன். கத்திரிக்கோலை எடுத்தா கையெழுத்துப் போடணும், திருப்பி வெச்சா நேரம் எழுதணும். கிடங்குல அப்படித்தான்."

"அம்மா என்ன சொன்னாங்க சார்?"

"ஒண்ணும் சொல்லல. அவளுக்கு வாயே கிடையாது, பாவம்."

மெக்கானிக்கின் பிரச்சினை வேறு. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாயங்கால டூட்டி. ஆறு மணிக்குள் அவன் வீட்டுக்குப் போனால்தான் கைக்குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் கிளம்ப முடியும். கொஞ்ச நாளாக அவள் தினமும் தாமதமாகப் போய்த் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதில் பாதியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அவனுக்கும் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை லேட்டா வந்தா வரவே வேணாம்னுட்டாங்க" என்றாள் ஒரு நாள். "எனக்கு வேலை போனா உங்க சூப்பிரண்டுதான் சோறு போடணும்."

"கிளம்புங்க சார்" என்று முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனுஷர். வண்டி முடிந்தால் தானாகப் போய்விடுவார், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தான். பார்த்தால் ஃபிரேமே தப்பு.

கால் அளவு கொடுத்தது சூப்பிரண்டின் வீட்டம்மா. கடையில் காலை அகட்டி நிற்கச் சொன்னபோது, "ரோட்ல போறவன் என்ன நினைப்பான்?" என்று அவர் மறுத்துவிட்டதால் வந்த ஏற்பாடு. மெக்கானிக் அந்தம்மாவுக்குப் போன் போட்டான்.

"அப்படியா தம்பி? அன்னிக்கு முட்டியை மடக்கிட்டு நின்னிருப்பாரு. வேற அளவு சொல்றேன். நீங்க பதறாம செய்ங்க, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."

என்ன தங்கமான குணம் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

"நாப்பது வருஷமா துணி வெட்டுறவ" என்றார் சூப்பிரண்டு. "ஒரு நூல் பிசகாது. உங்க டேப்பைப் பாருங்க."

மெக்கானிக் தன் டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினான்.

புது ஃபிரேம் வந்தது, கால் சரியானது. பின் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங் போட ஆளின் எடை தெரிய வேண்டும். வீட்டு எடை மெஷினில் நின்றால் சூப்பிரண்டின் கண்ணுக்கு முள் தெரியாது. வீட்டம்மாதான் குனிந்து பார்த்துச் சொன்னார். அந்த எடைக்கு வந்த ஸ்பிரிங் மேல் சூப்பிரண்டு உட்கார்ந்தார், எழுந்து மறுபடி தொம்மென்று உட்கார்ந்தார். அது அசையவே இல்லை.

"சிமெண்டு பெஞ்சுல உக்காந்த மாதிரி இருக்கு தம்பி."

மெக்கானிக் மறுபடி போன் போட்டான்.

"சாப்பிட்ட கையோட ஏறி நின்னாரு, அதான் கூடிடுச்சு" என்றது போன்.

"ஒரு ஆள் எடை கூடியிருக்கும்மா."

"நல்லா சாப்பிடுவாரு."

அன்று அவன் மனைவி பொறுமை இழந்து, குழந்தையைக் கடைக்கே தூக்கிவந்து அவன் கையில் திணித்துவிட்டு டூட்டிக்கு ஓடினாள். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஆனால் சூப்பிரண்டு குழந்தையை வாங்கி, எப்படித் தூக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். பாதி விளக்கத்தில் குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனது.

"எழுப்பாதீங்க" என்றார் கிசுகிசுப்பாக. "நான் எவ்வளவு நேரம் வேணா இருக்கேன்."

அப்புறம் ஹேண்டில்பார். வீட்டு நடை குறுகல், இவ்வளவுதான் அகலம் என்று வீட்டம்மா ஒரு கணக்குச் சொல்லி அனுப்பினார். மெக்கானிக் ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்தான். சூப்பிரண்டு ஏறிப் பிடித்தபோது இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே கூடிவிட்டன. யாரையோ கும்பிட்டபடி ஓட்டிப்போவது போலிருந்தது. அறுத்த குழாயை ஒட்டவைக்க முடியாது.

"கதவைப் பாதி சாத்திட்டு அளந்துட்டேன் போலிருக்கு தம்பி. வயசாச்சில்ல?" என்றது போன்.

மெக்கானிக் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அலுத்துப்போய்விட்டது. சைக்கிள் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது. யூனிஃபார்மும் இடுப்பில் குழந்தையுமாக வந்த மனைவி, அவனையும் ஸ்டூலில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அளக்க வேண்டிய ஆளு தினமும் உங்க எதிர்லதானே உக்காந்திருக்காரு?"

இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் சூப்பிரண்டு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினான். ரோட்டில் போகிறவன் பார்க்க வழியில்லாமல், அவரைச் சுவரோரம் நிறுத்திக் காலை அளந்தான். அது சரியாகவே இருந்தது. அடுத்து, அவர் யோசிப்பதற்குள் பக்கத்துப் பழைய சாமான் கடைக்கு அழைத்துப்போய்த் தராசில் ஏற்றினான்.

"இரும்பா, பித்தளையா?" என்றார் கடைக்காரர்.

"பென்ஷன்" என்றார் சூப்பிரண்டு, விறைப்பாக நின்றபடி.

அந்த எடைக்குப் புது ஸ்பிரிங் வந்தது. ஹேண்டில்பார் அறுக்காமல் முழுசாக மாட்டப்பட்டது. ஒரு திருகாணியைத் தளர்த்தித் திருப்பினால் எந்த நடையிலும் நுழைந்துவிடும், அளவே தேவையில்லை என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டே முடுக்கினான்.

வண்டி முடிந்தது. சூப்பிரண்டு தெருவில் ஒரு சுற்று போனார். வேகத்தடையில் டயர் ஏறி இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அற்புதம் தம்பி. காலையில ஆத்தங்கரைக்கு ஒரு சுத்து, அரை மணி நேரம். அப்புறம் நாள் பூரா வீட்லதான். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டு, "கிளம்பி ரெடியா இரு, இதோ வந்துட்டேன்" என்றான். ஸ்டூலை உள்ளே எடுத்துப்போட்டு ஷட்டரில் கை வைத்தபோது, வயதான ஓர் அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். முந்தானையில் குண்டூசிகள் குத்தியிருந்தன. தெருக்கோடியில் சூப்பிரண்டு இன்னொரு சுற்று போய்க்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்கம்மா" என்றான் மெக்கானிக் பெருமையாக. "ஒரு வழியா முடிச்சுட்டேன்."

அந்தம்மா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தடவை வேணும்னே அளவைத் தப்பாச் சொல்லியும் முடிச்சிட்டீங்களே தம்பி, இனிமே சாயங்காலத்துல இவரை நான் எங்க அனுப்புவேன்?"