ஏழாம் நம்பர் எலி

வியாழக்கிழமை காலை ஏழாம் நம்பர் எலி மல்லாந்து கிடந்தது. மூன்று மணிக்கு அமைச்சகத்திலிருந்து கமிட்டி வருகிறது. விஞ்ஞானி வேதாந்தத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கூண்டில் மொத்தம் பன்னிரண்டு வெள்ளை எலிகள். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாதவை. பக்கத்தில் ஒருவர் தும்மினாலே போய்விடும். அவற்றுக்குள் குரங்கின் எதிர்ப்புச் செல்களை ஏற்றி, அவை உள்ளே வேரூன்றுகின்றனவா என்று பார்ப்பதுதான் திட்டம். கமிட்டி தலையாட்டினால் திட்டம் நீளும். இல்லாவிட்டால் வேதாந்தத்துக்கு நூலகத்தில் தூசி தட்டும் உத்தியோகம்தான்.

"செத்துடுச்சுன்னு எழுதிடலாமே சார்?" என்றார் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பாலசுப்ரமணியம். டெல்லியிலேயே பிறந்து டெல்லியிலேயே தலை நரைத்தவர்.

"எலி செத்தா மூணு பேர் விசாரணைக் கமிட்டி போடணும், பாலு. ஃபைல் மேலே போய்க் கீழே வர்றதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்!"

வேதாந்தம் ஆட்டோ பிடித்துக் கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போனார். கிளியும் மீனும் விற்கும் கடையில் ஒரு வெள்ளை எலியை வாங்கி, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எந்தக் கடை சார்?"

"எந்தக் கடையா இருந்தா என்ன? ஜல்தி, நம்பரை மாட்டுங்கோ!"

செத்த எலியின் காதுவில்லையைக் கழற்றிப் புது எலிக்கு ஒரே நொடியில் மாட்டினார் பாலு. நன்றாகப் பழகிய கை. கூண்டுக்குள் விட்டதும் புது எலி தும்மியது.

கடைத்தெருக் கிருமி! மீதிப் பதினொன்றும் எத்தனை நாள் தாங்கும்? அவை போய்ச் சேருவதற்குள் கமிட்டி வந்துவிட வேண்டுமென்று வேதாந்தம் ஃபோனைப் போட்டார்.

"மேடம், முடிஞ்சா இப்பவே வாங்கோ!"

"இவ்வளவு ஆர்வமா!" என்று நெகிழ்ந்தார் கமிட்டித் தலைவி சாவித்திரி. "அப்படின்னா செயலரையே அழைச்சுண்டு திங்கட்கிழமை வரேன்."

நாலு நாளும் வேதாந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. பன்னிரண்டும் துள்ளி விளையாடின. ஏழாம் நம்பர் மட்டும் தும்மியது.

"அது தும்மறதே! மத்ததுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றார் சாவித்திரி.

வேதாந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. "செல் வேரூன்றிடுத்து மேடம்! எதிர்ப்புச் சக்தி வந்துடுத்து!"

செயலர் கை தட்டினார். திட்டத்துக்கு அங்கேயே ஐந்து வருட நீட்டிப்பு கிடைத்தது.

எல்லோரும் போனதும் வேதாந்தம் பாலுவைக் கட்டிக்கொண்டார். "பொய் சொல்லப் போய் உண்மையைக் கண்டுபிடிச்சுட்டேன் பாலு! கடை எலியோட நாலு நாள் இருந்தும் பதினொண்ணும் தாங்கிடுத்தே!"

பாலு தலையைச் சொறிந்தார்.

"தாங்காம என்ன சார்? பதினஞ்சு நாள் முன்னாடி கரண்ட் போய் ஏசி நின்னப்ப பதினொண்ணு செத்துடுச்சு. விசாரணைக்கு பயந்து நானும் கரோல் பாக்லதான் வாங்கி விட்டேன். அசல் எலின்னு மிச்சம் இருந்தது அந்த ஏழாம் நம்பர் ஒண்ணுதான் சார். கடை எலிங்களோட அதால பத்து நாளுக்கு மேல தாங்க முடியல."