மீதி வராத ஆறு இலக்கம்

வாடகை மண்டபத்து வாசலில் விடியுமுன்பே வரிசை நின்றது. உள்ளே எண் ஞானி! டாக்டர் வருஷக்கணக்கில் படித்துவிட்டுச் சொல்வதை இவர் மூன்றே வகுத்தலில் சொல்லிவிடுவாராம். ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். மூளையை மட்டும் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சீட்டின் கடைசி மூன்று இலக்கத்தைக் கேட்பார். அதையே இரண்டு தடவை சேர்த்து எழுதி ஆறு இலக்கமாக்குவார். உடம்புக்கு ஏழால் வகுப்பார், வந்த விடையை ரத்தத்துக்குப் பதினொன்றால், அதையும் உயிருக்குப் பதின்மூன்றால். மீதி வந்தால் நோய் உண்டு, வராவிட்டால் இல்லை. இதுவரை ஒருவருக்கும் மீதி வந்ததில்லை. அடேயப்பா, என்ன ஆரோக்கியமான ஊர்!

தையல்காரி அக்காவுக்கு மார்பில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். முந்தின நாள்தான் ஞானி வகுத்துப் பார்த்து, "கத்தியே வேணாம்மா, தானா கரைஞ்சிடும்" என்று சொல்லியிருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். தராசு ரிப்பேர் செய்கிற தம்பி கெஞ்சினான், கத்தினான். பலிக்கவில்லை.

"சரிக்கா. தராசு சரியா இருக்கான்னு எடை தெரிஞ்ச கல்லை வெச்சுத்தானே பாப்பேன்? அந்தாளு மேலயும் ஒரு கல்லை வெச்சுப் பாப்போம், வா."

"ஐயோ, அவ்வளவு பெரியவர் மேலயாடா!"

"தலையில போட மாட்டேன், பயப்படாத."

மண்டபத்தில் தம்பி, "வீட்டுப் பெரியவரோடதுங்க" என்று ஒரு பழைய சீட்டை நீட்டினான். கடைசி இலக்கங்கள் 384. ஞானி 384384 என்று எழுதினார். ஏழால் வகுத்தார், 54912. பதினொன்றால், 4992. பதின்மூன்றால், மறுபடி அதே 384. கூட்டம் வாயைப் பிளந்தது.

"சொட்டு நோய் இல்ல! இன்னும் நாப்பது வருஷம் கல்லு மாதிரி இருப்பாரு!"

"இது எங்கப்பா சீட்டுங்க. புத்துநோயில செத்து ரெண்டு வருஷமாச்சு."

ஞானி லேசில் விடுகிற ஆளா? "செத்தவருக்கு ஏதுப்பா நோய்? அதான் மீதி வரல!" என்றார். கூட்டம் கைதட்டியது. ஆமாம் ஐயா, கைதட்டியே விட்டது!

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. "வாயில வந்த மூணு இலக்கத்தை ரெண்டு தடவை சேர்த்துப் போட்டு, போன்ல வகுத்துப் பாருங்க!" என்றான். ஒருவர் வீட்டு எண்ணைப் போட்டார். ஒரு அம்மா சைக்கிள் பூட்டின் எண்ணைப் போட்டாள். எதற்கும் மீதி இல்லை.

"என் பூட்டுக்கும் நோய் இல்லையாமே!" என்று சிரித்தாள் அந்த அம்மா.

"மூணு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினா, ஆயிரத்தொண்ணால பெருக்கின மாதிரி. ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணையும் பெருக்கினாலும் அதே ஆயிரத்தொண்ணு. பெருக்கினதையே திரும்ப வகுத்தா மீதி எங்கேருந்து வரும்? யாரு ஏறினாலும் ஒரே எடை காட்டுற தராசு, குப்பைக்குத்தான் லாயக்கு. ஐயா, இதே 384ஐ ஒரே ஒரு தடவை எழுதி ஏழால வகுங்க, பாப்போம்!"

ஆறு மீதி வந்திருக்கும். ஞானி அதற்குள் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

அக்கா பையிலிருந்து தன் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்குடா வரச் சொன்னாங்க?"

"ஆறு மணிக்குக்கா. நான் கூடவே இருப்பேன்."

அப்போது முன்வரிசைக்காரர் ஒருவர் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பயபக்தியோடு கேட்டார்: "அப்போ அந்த ஆயிரத்தொண்ணு ரொம்ப சக்தியான எண்ணா, தம்பி? வாசல்ல எழுதி வெக்கலாமா?"

அக்காவின் கட்டியை டாக்டர் எடுத்துவிடுவார். இவர் தலைக்குள் இருப்பதை இவரேதான் எடுக்க வேண்டும். யோசிப்பதற்கு மயக்க மருந்துகூடத் தேவையில்லை, ஐயா!