குளத்துக்குக் களை எடுத்த கதை

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் வாங்கியவனுக்குப் புல் என்பது தாவரமில்லை, குற்றம். கோயிலில் கண்மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறக்கும்போது கல்லிடுக்கில் ஒரு அறுகம்புல் தெரிந்தால் போதும், அவன் கை அரிக்கத் தொடங்கிவிடும். (பிள்ளையாருக்கு அறுகம்புல்தான் பிடிக்கும் என்பதெல்லாம் பிடுங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும்.) இந்த வியாதி எனக்கும் இருந்தது. இருந்தது என்ன, முற்றிப் போயிருந்தது. அதனால்தான் என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு குளத்தைக் கொன்றேன்.

அப்போது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் பூண்டுலோயாவுக்கு மேலே, பனி முட்டும் உயரத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு அந்தச் செய்தி இன்னும் ஏறி வந்து சேரவில்லை. அங்கே வெள்ளைக்காரத் தொரைதான் காலையில் சூரியனை எழுப்பிக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கீழே ஒரு கணக்கப்பிள்ளை. அதாவது, வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு வேலை செய்யச் சொல்கிற வேலை. அரைக்கால்சட்டை, முழங்கால்வரை மேசு என்கிற காலுறை, தலையில் தொப்பி, கையில் பிரம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் தொரை மாதிரி இருப்பேன் என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தவர்கள், கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிக்குத் தொப்பி போட்டது மாதிரி இருப்பதாகச் சொன்னார்கள்.

எங்கள் தோட்டத்தின் வேதம் இதுதான்: இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண் மட்டுமே தெரிய வேண்டும். சுரண்டியால் சுரண்டிச் சுரண்டி மலையின் தோலையே உரித்து வைத்திருப்போம். மழை வந்தால் அந்த மண் கரைந்து ஓயா ஆற்றில் இறங்கி, கடலைப் பார்க்கப் போய்விடும். மிச்சமிருக்கும் மலை சுத்தமாக இருக்கிறதென்று தொரை சந்தோஷப்படுவார். தொரையின் சந்தோஷம் எங்கள் சந்தோஷம்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருக்க வீடும் இல்லை. ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் பின்னால் உரமூட்டைகளோடு ஒரு மூட்டையாகப் படுத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், டீமேக்கர் ஐயாவுக்கு மங்கை என்று ஒரு மகள் இருந்தாள். (டீமேக்கர் என்பவர் ஸ்டோரில் கொழுந்தைத் தூளாக்கும் பெரிய உத்தியோகஸ்தர். கொழுந்தை மட்டுமில்லை, ஆளையும் வாட்டி, அரைத்து, சலித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.) என்னைச் சலித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, வேலையை நெரந்தரமாக்கிக்குங்க. கூரையோட ஒரு குவாட்டர்ஸ் வாங்குங்க. அப்புறம் பொண்ணைப் பத்திப் பேசலாம். இப்ப கட்டிக் குடுத்தா எங்க வெப்பீங்க, சல்பேட்டு மூட்டைக்குப் பக்கத்துலயா?"

வேலையும் வீடும் தொரையின் கையில் இருந்தன. தொரையின் உயிரோ குளத்தில் இருந்தது.

பங்களாவுக்குக் கீழே ஓடையை மறித்துக் கட்டிய குளம் அது. அதில் டிரவுட் மீன் வளர்த்தார். நாங்கள் அதைத் 'தொரை மீன்' என்போம். மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், பாராட்டலாம், பெருமூச்சு விடலாம், தின்ன முடியாது. ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லாருக்கும் வேலை பிரித்து முடித்த பிறகு, தொரை என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கப்புள்ளே! நான் ஒரு மாசம் லீவு. திரும்பி வர்றப்ப கம்பெனிப் பெரிய ஆள் கூட வர்றார். அவர் தூண்டில் போடணும். மீன் இருக்கணும். நீ கொளத்தைப் பாத்துக்கோ. எல்லாம் சரின்னா ஒனக்கு வீடு."

அவர் கேட்டது இவ்வளவுதான். மீனை யாரும் திருடாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா இருக்கச் சம்பளம், சம்பளத்துக்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் மங்கை. சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்கு வராது.

தொரையின் கார் வளைவில் மறைந்ததும் குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் தலைமுறையின் மானமே போய்விட்டது போலிருந்தது. கரை முழுக்கப் புதர். மரங்கள் தண்ணீருக்கு மேலே ஒழுங்கில்லாமல் சாய்ந்து, இலையையும் பூச்சியையும் உதிர்த்துக்கொண்டிருந்தன. உள்ளே பாசி, கொடி, தலைப்பிரட்டை. கரையில் பெரட்டுக்கு வந்தது மாதிரி வரிசையாகத் தவளைகள். தும்பிகள் அனுமதியில்லாமல் பறந்தன. ஒரு மீன்கொத்தி என் கண்முன்னாலேயே ஒரு தொரை மீனைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு தண்ணீர்ப்பாம்பு தலையை நீட்டி, 'யார் புதுசா?' என்பது மாதிரி என்னைப் பார்த்தது.

கம்பெனிப் பெரியவர் வந்து இதையா பார்ப்பது?

மறுநாளே களை வெட்டும் ஆட்களைக் குளத்துக்குத் திருப்பினேன். அந்தக் கூட்டத்தில் வேலைக்கு முன்னால் வாய் போகிறவள் பேச்சாயி. சுரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, தண்ணிக்கும் சுரண்டியாங்க?"

"கொளம் மட்டும் தோட்டத்துல இல்லையா? வெட்டு."

"தவளையை என்னங்க பண்றது?"

"அதுவும் களைதான்."

"தொணதொணன்னு கத்துறதெல்லாம் களைன்னா, நாளைக்கு எங்க மாமியாளையும் கூட்டியாறேங்க."

கொடியைப் பிடுங்கினோம். பாசியை வழித்தோம். நிழல் மரங்களைத் தறித்தோம். கரையில் ஒரு வேர் விடாமல் சுரண்டி, சாணி மெழுகிய தரை மாதிரி ஆக்கினோம். மீன்கொத்தியை விரட்டத் தகர டின் கட்டினேன். தவளைகளையும் தலைப்பிரட்டைகளையும் வாளி வாளியாக அள்ளிப் பக்கத்துக் கானில் ஊற்றச் சொன்னேன். மழைத் தண்ணீர் ஓடும் அந்தக் கான் கீழே எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பது கணக்கப்பிள்ளை வேலையில் சேராது.

கடைசியாக, தோட்டத்துக்குப் பெரிய மனிதர் யார் வந்தாலும் நாங்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன். கரையைச் சுற்றிக் கல் அடுக்கி, எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். அசையாமல் நின்றிருந்தால் பேச்சாயிக்கும் அடித்திருப்பேன்.

குளம் தகதகவென்று மின்னியது. டீமேக்கர் ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். மங்கையும் கூடவே வந்திருந்தாள்.

"கண்ணாடி மாதிரியில்ல இருக்கு! மூஞ்சி பாத்துத் தலை சீவலாம் தம்பி" என்றார் ஐயா.

"சீவலாம்ப்பா," என்றாள் மங்கை. "மீனு என்னத்தத் திங்கும்?"

"அதுக்கு நான் போடுவேங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"நீங்களா? உங்களுக்கே ஸ்டோர் வாச்சர் வீட்டுலதானே போடுறாங்க."

மீன் என்ன தின்னும் என்ற அந்தக் கேள்வியை அன்று நான் கேலி என்று நினைத்தேன். அது முழுப் பாடம். மரத்திலிருந்து விழுந்த பூச்சியும், கொடிக்குள் ஒளிந்திருந்த புழுவும்தான் மீனின் சாப்பாடு. அந்த மர நிழல்தான் தண்ணீரின் குளிர்ச்சி. தோட்டத்திலும் அதே ஏற்பாடுதானே? கம்பெனி தொரையைத் தின்னும், தொரை பெரிய கிளாக்கரைத் தின்பார், கிளாக்கர் என்னைத் தின்பார், நான் பேச்சாயியைத் தின்னப் பார்ப்பேன். அடியில் இருக்கிற பேச்சாயி ஒரு நாள் கொழுந்து பறிக்காவிட்டால் மேலே கொழும்புவரை பட்டினி. இது தெரிந்தும் குளத்திலிருந்த அத்தனை பேச்சாயிகளையும் நானே வெளியேற்றியிருந்தேன்.

சொன்ன வாக்குக்காக மிஞ்சிய ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். சீமை மீனாயிற்றே, கோதுமை ரொட்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டி ஊறி அழுகியது. வெயில் நேரே இறங்கித் தண்ணீர் வெதுவெதுத்தது. ஒரு மத்தியானம் மீன்களெல்லாம் மேலே வந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குச் சலாம் போடுகின்றன என்று நினைத்து நானும் தொப்பியைக் கழற்றினேன். மறுநாள் காலை அவை மல்லாந்து சலாம் போட்டன.

இதற்கிடையில் டீமேக்கர் ஐயா வீட்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது.

அந்தக் கான் நேராக ஐயாவின் மரக்கறித் தோட்டத்துக்குள் போகிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் தவளைகள் மொத்தமும் அங்கே குடியேறியிருந்தன. தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வந்து, குளியலறையில் ஐயா சோப்புப் போட்டிருந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறது. பாம்பைத் தேடிக் கீரி வந்தது. கீரிக்குப் பாம்பைவிடக் கோழி சுலபம் என்று பட்டிருக்கிறது. குளத்தில் நான் அறுத்ததாக நினைத்த சங்கிலி அறுபடவேயில்லை. ஒரு கண்ணி குறையாமல் மாமனார் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறது.

"தம்பி," என்றார் ஐயா, ஈரத் துண்டோடு. "நிச்சயதார்த்தத்துக்குன்னு ஒரு சேவலு வளத்தேன். கீரி தூக்கிருச்சு."

"வேற சேவலு..."

"சேவலு கெடக்கட்டும். இப்ப நிச்சயதார்த்தமே வேணுமான்னு யோசிக்கிறேன்."

அந்த யோசனை முடியும் முன்னே தொரை வந்துவிட்டார். கூடவே கம்பெனிப் பெரியவர். பெரியவர் என்றால் பதவியில் மட்டுமில்லை. அவரைப் போட்டு நிறுத்தால் தராசு ராஜினாமா செய்துவிடும். முதல் நாள் மத்தியானம் நல்ல மழை. மூடுவதற்கு ஒரு புல்கூட இல்லாத என் கரையிலிருந்து மண் கரைந்து இறங்கி, குளம் பால் குறைந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. நான் செத்த மீன்களை அதிகாலையிலேயே புதைத்துவிட்டு, வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கல்லாக நின்றேன்.

தொரை குளத்தைப் பார்த்தார். மரம் இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விருந்தாளி பக்கத்தில் நின்றதால் அவர் மீசை மட்டும் தனியாகத் துடித்தது.

பெரியவர் தூண்டிலோடு கரை ஓரத்துக்கு வந்து, கையை வீசி, ஒரு காலை முன்னே ஊன்றினார். பிடித்துக்கொள்ள ஒரு வேரும் இல்லாத கரை அந்தக் காலைப் பார்த்ததும் நம்பிக்கை இழந்தது. முதலில் மண் போனது. மண்ணோடு பெரியவர் போனார். அவருக்குப் பின்னால் மரியாதையாக, ஒவ்வொன்றாக, என் சுண்ணாம்புக் கற்கள் வரிசையில் இறங்கிப் போயின.

சேற்றிலிருந்து அவர் எழுந்தபோது வெள்ளைக்காரர் எங்கள் நிறத்தில் இருந்தார். தேயிலைக்குள் இருந்து பேச்சாயியின் குரல் கேட்டது: "ஐயா! இப்பத்தான் கொளத்துல பெரிய மீனு இருக்கு!"

சாயங்காலம் பங்களா வாசலில் தீர்ப்பு. வேலையை விட்டுத் துரத்துவார் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். (பெட்டி என்பது ஒரு சாக்கு.) தொரை பைப்பைப் பற்றவைத்தார்.

"மரம் நீ நடு. புல் நீ வை. தவளை எல்லாம் நீ புடிச்சு வா. கொளம் பழைய மாதிரி ஆகுற வரை நீ கொளத்துப் பக்கத்துல, காவல் குடிசையில் இரு. அதுவரை ஒன்னை வேலையிலிருந்து நிறுத்த மாட்டேன். ஓடிப் போக விட மாட்டேன்."

தோட்டத்துப் பிள்ளையாரைத் தாண்டி நடக்கும்போதுதான் உறைத்தது. நிரந்தர வேலை. கூரையோடு வீடு.

ஆனால் அதைச் சொல்லிப் பெண் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலமானால் சாக்கோடு ஐயா வீட்டு மரக்கறித் தோட்டத்துக்குப் போய்த் தவளை பிடிப்பேன். நாலு காலில் தவழும் மாப்பிள்ளையைச் சமையல் குசினி ஜன்னலிலிருந்து மங்கை மேய்ப்பாள்.

"லீக்ஸ் பாத்திக்கு அடியில ஒண்ணு கத்துது பாருங்க."

"எங்கங்க?"

"பேரு சொல்லிக் கூப்பிடுங்க, வரும். உங்க ஆளுங்கதானே."

பிறகு இரக்கப்பட்டு வெறுந்தேத்தண்ணி ஒன்று கொடுப்பாள். படியில் உட்கார்ந்து குடித்துவிட்டுச் சாக்கை முடிந்து எடுத்துக்கொண்டு போவேன். கொஞ்ச காலத்தில் மரக்கறித் தோட்டம் காலியாகிவிட்டது, ஒரே ஒரு தவளையைத் தவிர. பின்னங்கால் நொண்டி அது. இன்று பிடிப்பேன், நாளை அதே பாத்தியில் உட்கார்ந்திருக்கும். நொண்டிக் காலோடு அவ்வளவு மேட்டிலிருந்து தினமும் இறங்கி வருகிறதே என்று அதன் மண்பற்றை எண்ணி நான் கண்கலங்கியதுண்டு. தவளைக்குப் பழகிய மண் மறக்காது என்று தொரையிடமே விளக்கம் சொன்னேன். அவரும் பைப்பை எடுத்துவிட்டு "அப்படியா!" என்றார்.

கடைசியில் ஐயாவே கூப்பிட்டார்.

"ஒத்தைத் தவளைக்காக நீங்க தெனம் வர்றதை லயத்து வீடுகள்ல ஒரு மாதிரியாப் பேசுறாங்க தம்பி. தவளையோட போகட்டும்னு பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

குளத்தங்கரைக் குடிசையில்தான் குடித்தனம் தொடங்கினோம். மரம் தழைத்தது, கொடி வந்தது, தும்பி வந்தது, மீன்கொத்திகூட என்னை மன்னித்து வந்தது. முதல் மீனை அது தூக்கிப் போன அன்று தொரை கைதட்டினார். நான் தட்டவில்லை. அந்த மீன் எனக்கு எத்தனை தவளை என்று எனக்குத்தானே தெரியும்.

இப்போது ஹட்டனில் வீடு. முற்றத்தில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. பழைய வியாதி தலைகாட்டி நான் மம்பட்டியை எடுத்தால், மங்கை உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: "கம்பெனித் தொரை யாரும் வர்றாங்களாங்க?" நான் மம்பட்டியை வைத்துவிடுவேன்.

பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நொண்டித் தவளையின் மண்பற்றில் வந்து கொஞ்சம் நிறுத்துவேன். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தவளையின் தியாகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே புரியும் என்று விட்டுவிடுவேன். மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்த வீட்டில், சம்பந்தி முன்னால் வைத்துத்தான் அவர்கள் ரகசியத்தை உடைத்தார்கள். என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது.

"அந்தத் தவளை ஒரு நாளும் கொளத்துக்குப் போனதே இல்லைங்க," என்றாள் மங்கை, சம்பந்திக்கு வெற்றிலையை நீட்டிக்கொண்டே. "இவுக படியில தேத்தண்ணி குடிப்பாகள்ல, அப்ப சாக்கு வாயைத் தெறந்து நாந்தான் வெளிய விட்டுருவேன்."