கறுத்துப்போன குடும்ப நட்சத்திரம்

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், குடும்பத்துக்கு நட்சத்திரம் பார்த்துச் சொல்லும் வானத்தார் கடை விரித்த மூன்றாம் வாரமே வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. பல் பிடுங்க வந்தவர்கள்கூட வீங்கிய கன்னத்தோடு மேலே ஏறினார்கள். வலி காத்திருக்கும், குடும்ப நட்சத்திரம் காத்திருக்குமா?

வாசலில் குடும்பப் பெயரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். உள்ளே பெரிய திரை. வானத்தார் கணினியில் ஏதோ தட்டுவார். வானம் விரியும், ஒரு நட்சத்திரம் பெரிதாகும், பக்கத்தில் சிவப்பெழுத்தில் நம் பெயர் மின்னும். வெள்ளையாக இருந்தால் ஆசீர்வாதம். கறுத்தால் ஏழு வாரப் பரிகாரம்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் வாசலில் நின்றதில்லை. நான் நின்றேன், நாற்பத்து மூன்றாவது ஆளாக.

எங்கள் நட்சத்திரம் கறுத்தது. கூடவே சுற்றியிருந்த வானம் வெளுத்ததை யாரும் கவனிக்கவில்லை. புள்ளியைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம்.

"வீட்டுக்குப் புதுசா யாராச்சும் வர்றாங்களா?" என்றார் வானத்தார்.

"மருமக வரப்போறா. நிச்சயம் ஆயிடுச்சு."

"வர்றதுக்கு முன்னாடியே இப்படி. வந்தப்புறம்?"

வாக்கு மாறியவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அன்று மாலை நான் மாறினேன். பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். என் மகன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண்ணே வந்தாள், அலுவலக அட்டை கழுத்தில் தொங்க. விண்மீன் ஆய்வுக்கூடத்தில் படங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை.

"மாமா, என்னைக் கறுப்புன்னு சொன்ன இடத்தை நானும் பார்க்கணும். வாங்க."

கூட்டத்தின் நடுவே திரையில் எங்கள் நட்சத்திரம் மறுபடி கறுத்தது.

"கொஞ்சம் சின்னதாக்குங்க. அக்கம்பக்கம் எப்படி இருக்குன்னு பார்ப்போம்," என்றாள்.

"கூடாதும்மா. தோஷம் பரவும்."

"பரவட்டும். என் மேலதானே பரவப்போகுது?"

அவரது கைக்குக் கீழிருந்து மவுஸை எடுத்து, சக்கரத்தை உருட்டினாள். வெள்ளை வானம். அதில் ஆயிரக்கணக்கில் கரும்புள்ளிகள்.

"இத்தனை வீட்டுக்குமா மருமக வந்திருக்கா?"

யாரோ சிரித்தார்கள். அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். வானம் கறுத்தது, நட்சத்திரம் எல்லாம் வெளுத்தது. மறுபடி அமுக்கினாள், மாறியது.

"மங்கலான நட்சத்திரம் தெளிவாத் தெரியணும்னு நாங்க இப்படித் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். இந்த மென்பொருள் இலவசம். யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"பேரு வருதேம்மா?" என்றார் கன்னம் வீங்கிய ஒருவர்.

"நீங்க எழுதிக் கொடுத்த சீட்டுதான் வருது. நட்சத்திர அட்டவணையில இதுக்கு வெறும் எண்தான் உண்டு. உங்களுக்கு என்ன பேர் வேணும், சொல்லுங்க."

"என் கடைவாய்ப் பல்லைப் போடு. உயிரை வாங்குது."

தட்டினாள். எங்கள் குலத்தைக் காத்த நட்சத்திரத்தின் பக்கத்தில் சிவப்பாக மின்னியது: கடைவாய்ப் பல்.

திரும்பிப் பார்த்தால் வானத்தாரைக் காணோம். பின்படி வழியாக இறங்கியிருந்தார்.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரலாமாம்மா?" என்றேன். தலை நிமிரவில்லை எனக்கு.

"வாங்க மாமா. இந்தத் தடவை எங்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க."

சக்கரத்தை ஒரு விரலால் உருட்டிப் பார்க்க, அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பல்வலிக்காரராவது தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தார். நாங்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். எங்கே வரிசையில் நின்றாலும், ஐயா, மறக்காமல் எடுத்துப் போங்கள்.